மூன்றாம் ஜன்னல் ஹேரானின் போட்டோ

ஹேரானுக்கு அநியாயம் நடந்ததா என்று கேட்டால், நடந்தது என்று அடித்துச் சொல்வேன். யார் செய்தது என்று கேட்டால்தான் எனக்கு வாயடைத்துப் போகிறது. அவளுக்காக எங்கள் மருத்துவமனையில் தொண்டை கிழியச் சண்டை போட்டவள் நான். யாரோடு சண்டை போட்டேன் என்பது இன்றுவரைக்கும் எனக்கே சரியாகப் புலப்படவில்லை.

எங்கள் துறைமுக ஊரான மோக்போவில், படகுத்துறைக்குப் பின்னால், எலும்பு வைத்தியத்துக்கென்று இருக்கிற மருத்துவமனை எங்களுடையது. தீவுகளில் கீரை பிடுங்கியும் உப்பு வாரியும் முட்டி தேய்ந்தவர்கள் காலைப் படகில் வந்து இறங்குவார்கள். கீழ்த்தளத்தில் மூன்று ஜன்னல்கள். முதல் ஜன்னலில் சேபியோல் என்கிற சின்னப் பெண். இரண்டாவதில் பணம் வாங்கிப் போடுகிற நான், மல்சுன். மூன்றாவதில் ஹேரான். வருகிறவர்களுக்கு எந்த டாக்டர், எந்த அறை என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை.

அந்த நாற்காலிக்கு வந்து சேர அவளுக்கு ஐம்பது வயது நெருங்க வேண்டியிருந்தது. முதலில் கடல்பாசி காயவைக்கிற ஆலை. பிறகு ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவினாள். அப்புறம் குவாங்ஜு நகரத்தில் போனில் காப்பீடு விற்றாள். தேன் மாதிரிக் குரல் அவளுக்கு. ஆனால் எங்கே போனாலும் முன்னால் ஒரு சுவர்தான். "ஆளுங்க வந்து போற இடத்துல ஒருநாள் உக்காரணும் அக்கா, அவ்வளவுதான் எனக்கு ஆசை" என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

அவளுடைய இடது கன்னத்தில், மூக்கோரத்திலிருந்து தாடைக்கு அடிவரை, பிறவியிலேயே வந்த சிவந்த மச்சம். உள்ளங்கை அகலம் இருக்கும். அந்தக் காலத்து வேலை விண்ணப்பத்தில் போட்டோ ஒட்ட ஒரு கட்டம் இருக்குமே, அங்கேதான் அவளுடைய கதை ஒவ்வொரு முறையும் முடிந்துபோகும். எங்கள் ஊர் போட்டோக் கடைக்காரன் எவனும் எடுத்த படத்தை எடுத்தபடி தரமாட்டான். கேட்காமலேயே மருவை எடுப்பான், தாடையைக் குறுக்குவான், இரண்டு கண்ணையும் சமமாக்குவான். முடி வெட்டிய கையோடு தலை வாரி விடுகிற மாதிரி, அது அவர்கள் காட்டும் மரியாதை. முதல் தடவை அப்படி மச்சத்தை அழித்துக் கொடுத்த படத்தோடு ஒரு வங்கிக்குப் போனாள். நேர்காணலில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், தப்பான ஆள் வந்துவிட்டதாக நினைத்து வெளியே எட்டிப் பார்த்தாராம். அடுத்த தடவை போட்டோக்காரனிடம் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லி, மச்சத்தோடு ஒட்டி அனுப்பினாள். அதற்கு ஒருவரும் கூப்பிடவே இல்லை.

பிறகுதான் சட்டம் வந்தது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் உயரம், எடை, தோற்றம் எதையும் கேட்கக் கூடாது. எங்கள் மேனேஜர் பியோ எதற்கும் பயப்படுகிற மனிதர். எதற்கு வம்பு என்று போட்டோ கட்டத்தையே தூக்கிவிட்டார். அதே சமயம் பார்த்துக் கொள்ளை நோயும் வந்து ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டது. ஹேரான் மாஸ்க்கோடு வந்து உட்கார்ந்து நேர்காணல் கொடுத்தாள். அவளுடைய குரலிலும் பேச்சிலும் பியோ சொக்கிப்போய் மறுநாளே வரச் சொல்லிவிட்டார். கேட்கவிடாமல் சட்டம் தடுத்தது, பார்க்கவிடாமல் மாஸ்க் தடுத்தது. அவள் முன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்று வருஷம் ராணி மாதிரி இருந்தாள். தீவுக்காரர்கள் எங்கள் இரண்டு ஜன்னலையும் விட்டுவிட்டு அவளிடம்தான் போய் நிற்பார்கள். யார் வீட்டுக் கீரை எவ்வளவுக்குப் போனது என்பதுகூட அவளுக்குத் தெரியும். கண்ணே இத்தனை அழகென்றால் மீதி எப்படி இருக்குமோ என்று ஆண்கள் அசடு வழிவார்கள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்களோடு வரமாட்டாள். சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பாசியில் சுற்றிய கிம்பாப் சோற்றுருளையைத் தின்றுவிட்டு வருவாள். நோய்க்கு அஞ்சுகிறாள் என்றார்கள் சிலர். பெரிய சீமாட்டி, நம்மோடு சேர்ந்து தின்னமாட்டாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

கடைகளில் மாஸ்க் போய் வெகுநாள் கழித்துத்தான் எங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்கு அந்த உத்தரவு வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து மாஸ்க் வேண்டாம் என்று பியோ படித்ததும் சேபியோல் கைதட்டினாள். ஹேரான் அன்று சாயங்காலம் என்னைச் சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"இதுக்காடி மூணு வருஷமா தனியா உக்காந்து தின்னே?" என்று திட்டினேன். வேறு என்ன சொல்ல என்று தெரியவில்லை.

அவள் அழவில்லை. "நான் அவங்களை ஏமாத்திட்டேனா அக்கா? அவங்க கேக்கல, நானும் சொல்லல. கேக்கக் கூடாதுன்னுதானே சட்டம்? அப்போ சொல்லாம இருந்தது தப்பில்லதானே? இந்த நாற்காலியை விட்டு எழுப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். எழுப்பிவிடுவார்களா, நான் இருக்கும்போது அதையும் பார்த்துவிடலாம் என்று மார்தட்டினேன். தோற்றத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கினால் மனித உரிமை ஆணையத்தில் முறையிடலாம் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த அரை அறிவை வைத்துக்கொண்டுதான் அத்தனை ஆட்டமும் ஆடினேன்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின வாரம் வருடாந்தரப் பயிற்சி நடந்தது. தொழிலாளர் சட்டம் தெரிந்த ஓர் ஆலோசகர் திரையில் வந்து, கூட வேலை செய்பவரின் எடை, உயரம், நிறம், முகம் பற்றி வாயே திறக்காதீர்கள் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "மூஞ்சி வீங்கிக் கிடக்கே, ராத்திரி உப்பு ராமென் நூடுல்ஸ் தின்னுட்டுப் படுத்தியா?" என்பதுதான் எங்கள் ஊரில் காலை வணக்கம். இளைத்துவிட்டாய், கறுத்துவிட்டாய், கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது என்று சொல்லாமல் ஒருவர்மேல் இன்னொருவருக்கு அக்கறை இருப்பதை எப்படித்தான் காட்டுவது? மேனேஜர் மட்டும் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. ஹேரான் மாஸ்க் இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். அப்போது அங்கே விழுந்த அமைதி இருக்கிறதே, பெற்றவள் செத்த வீட்டில்கூட நான் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. சேபியோல் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். பியோ வந்து வணக்கம் சொன்னார், ஹேரானிடம் இல்லை, மேசை மேல் இருந்த பூந்தொட்டியிடம். நாட்கள் போகப் போக எங்களுக்குள் ராமென் பேச்சும் கன்னத்துப் பேச்சும் திரும்பி வந்துவிட்டன. ஹேரான் பக்கத்தில் வந்தால் மட்டும் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். நோயாளிகளும் வந்து நின்று, ஒரு நொடி திகைத்து, டோக்கனைப் பார்த்தபடி பேசிவிட்டுப் போனார்கள்.

"அவங்களுக்கு அருவருப்பா இருக்கா, இல்ல பாவம்னு நினைக்கிறாங்களா, இல்ல நெஜமாவே கண்ணுக்குத் தெரியலையா? எதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கபடி இருந்துக்குவேன் அக்கா" என்றாள். அதெல்லாம் ஒருத்தருக்கும் ஒரு பொருட்டே இல்லை என்று சமாதானம் சொன்னேன். அவர்களையே கேட்டேன். சேபியோலிலிருந்து மருந்து கொடுக்கிறவள் வரைக்கும், முகத்தில் என்ன இருக்கிறது, மனசுதானே முக்கியம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அப்படியென்றால் ஏன் ஒருவரும் அவளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து வந்தது போட்டோ. மாஸ்க் போய்விட்டதால் எல்லோருக்கும் புது அடையாள அட்டை. அதோடு கீழ்த்தளத்துச் சுவரில், ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும், அங்கே இருப்பவரின் சிரித்த முகத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது என்று பியோ முடிவு செய்தார். போட்டோக்காரர் வந்தார், எடுத்தார், ஒரு வாரத்தில் படங்கள் வந்தன. என் படத்தைப் பார்த்து எனக்கே வெட்கம் வந்தது. மூக்கோரத்து மருவைக் காணோம், தொங்குகிற கன்னத்தைக் காணோம், கல்யாணம் ஆகாத தங்கை ஒருத்தி எனக்கு இருந்திருந்தால் அப்படித்தான் இருந்திருப்பாள். ஹேரானின் படத்தில் கன்னம் உரித்த முட்டை மாதிரி இருந்தது.

அவள் அந்தப் படத்தோடு நேரே போட்டோக்காரரிடம் போய், இது நான் இல்லை, என்னை எடுத்தது எடுத்தபடி கொடுங்கள் என்று கேட்டாள். அந்த மனிதர் பதறிப்போனார். எல்லோருக்கும் செய்வதைத்தானே செய்தேன், உங்களுக்கு மட்டும் விட்டிருந்தால் அவமதித்த மாதிரி ஆகாதா என்றார். இவளுடைய மச்சத்தை அழிக்கும்போது கை கூசியதா என்று நான் கேட்டேன். பழக்கத்தில் எதை அழித்தோம் என்றே நினைவில்லை என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

நான் விடவில்லை. மேனேஜர் அறைக்குள் ஹேரானையும் இழுத்துக்கொண்டு நுழைந்தேன். பியோ நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டு, ஆலோசகருக்குப் போன் போட்டு, வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லார் படத்தையும் திருத்திட்டு இவங்க படத்தை மட்டும் திருத்தாம மாட்டினா, அதுதான் பாகுபாடுன்னு சொல்றாரு. தோற்றத்தை வச்சு ஒருத்தரை மட்டும் வேற மாதிரி நடத்தினதா ஆயிடுமாம்."

"நானே கேக்கறேனே" என்றாள் ஹேரான்.

"நீங்க இன்னிக்குக் கேக்கறீங்க. நாளைக்கு யாராவது வேற மாதிரி எழுதிப் போட்டா நான் என்ன பண்றது?" என்றார் அவர், பூந்தொட்டி இல்லாததால் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு. அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. ஆனால் அது சரியில்லை என்று மட்டும் தெரிந்தது.

படங்கள் ஜன்னல்களுக்கு மேல் ஏறின. ஒரு வாரம் ஆகியிருக்கும், ஒரு நோயாளியின் மகன் பெரிய ரகளை செய்தான். மேலே இருக்கிற படமும் அட்டையில் இருக்கிற படமும் ஒருத்தி, உட்கார்ந்திருக்கிற பெண் வேறு, யாரோ ஒருத்தியின் அட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் அம்மாவின் விவரமெல்லாம் கேட்கிறாள் என்று கத்தினான். ஹேரான் தன் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி, ஹேரான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. அவன் அசட்டுச் சிரிப்போடு போய்விட்டான். பியோ உடனே ஆலோசகருக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் ஒரு வழி சொன்னார். ஒருவருக்கு மட்டும் திருத்தாமல் விட்டால்தானே பாகுபாடு? எல்லோருடைய படத்தையும் திருத்தாமல் மாட்டிவிட்டால் வம்பே இல்லை. போட்டோக்காரரிடம் அசல் படங்கள் இருக்கின்றன. சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். நான் தூக்கினேன். என் கன்னம் தொங்குவதை ஊர் பார்ப்பது எனக்கும் பிடிக்காதுதான், ஆனாலும் தூக்கினேன். ஹேரான் தூக்கினாள். சுற்றிப் பார்த்தால் வேறு கை இல்லை. சேபியோல், மாப்பிள்ளை வீட்டார் யாராவது வைத்தியத்துக்கு வந்து பார்த்துவிட்டால் என்று முனகினாள். மருந்து கொடுக்கிறவள், கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது, குழந்தைகள் பயப்படும் என்றாள். கூட்டிப் பெருக்குகிற மனிதர்கூட வழுக்கையை மூடிக் கொடுத்திருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும் என்றார்.

"மனசுதான் முக்கியம்னு சொன்ன வாயெல்லாம் இப்ப எங்க போச்சு? கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று நான் எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஹேரான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கிண்டலான சிரிப்பு இல்லை. நெடுநாள் கழித்து மூச்சு விட்டவள் மாதிரி இருந்தாள்.

"விடுங்க அக்கா. மூஞ்சி முக்கியம்தான்னு இப்பவாவது தெரிஞ்சுதே. இத்தனை நாளா நான் மட்டும்தான் பைத்தியம்னு நினைச்சிட்டிருந்தேன்."

கூட்டம் அத்தோடு கலைந்தது. பியோவுக்கு இன்னும் ஒரே ஒரு வழிதான் மிச்சம். திங்கட்கிழமையிலிருந்து ஹேரான் விருப்பப்பட்டால் மாஸ்க் போட்டுக்கொள்ளலாம், கண் படத்தோடு பொருந்தும். இல்லையென்றால் மூன்றாம் மாடியில் போன் எடுக்கிற அறை இருக்கிறது, சம்பளம் குறையாது, அங்கே அட்டையை யாரும் பார்க்கப்போவதில்லை. இரண்டில் ஒன்று அவளே முடிவு செய்யட்டும் என்றார். முகம் காரணமில்லை, படம் பொருந்தாததுதான் காரணம் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். அதைக் கேட்டபோது இந்த மனிதரைக் கழுத்தைப் பிடிப்பதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நான் போனபோது ஹேரான் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் இல்லை. மூன்றாம் ஜன்னலுக்கு மேல் சட்டம் மட்டும் தொங்கியது, கீழே அவள் பெயர், உள்ளே படம் இல்லை. உருவி எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டாள். அட்டையையும் படம் தெரியாமல் திருப்பி மாட்டியிருந்தாள். படம்தானே பொருந்தவில்லை, படம் இல்லையென்றால் பொருந்தாமல் போக என்ன இருக்கிறது என்றாள். பியோ அதைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது, ஆலோசகருக்குத்தான் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் படகில் பிகும் தீவிலிருந்து கீரைக்காரம்மா ஒருத்தி வந்தாள். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றவள், மேலே ஹேரானின் பெயரோடு காலியாக இருந்த சட்டத்தை அண்ணாந்து பார்த்தாள், கீழே முன்பின் பார்த்திராத ஒரு முகத்தையும் பார்த்தாள். அப்படியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, நம்ம ஹேரான் பொண்ணு செத்துப்போச்சா?"

சேபியோல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேரான் எழுந்து நின்றாள்.

"இல்லம்மா. நான்தான் ஹேரான். இங்கதான் இருக்கேன்."

அந்தம்மாவுக்குக் குரல் உடனே பிடிபட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, கன்னத்துல என்ன இது? அடுப்புல சுட்டுக்கிட்டியா?"

"பொறந்ததுலேருந்தே இருக்கும்மா."

"வலிக்குமா?"

"இல்லம்மா."

"வலிக்கலைன்னா சரி. என் முட்டிதான் உயிர் போகுது, எந்த ரூமுக்குப் போகணும் சொல்லு."

ஹேரான் அறை எண்ணைச் சொன்னாள். டாக்டர் பெயரையும் சொன்னாள். அந்தம்மா லிஃப்டுக்குள் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணீர் அந்தச் சிவந்த கன்னத்தில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. அதற்குள், பேச்சு காதில் விழுந்து, அறையிலிருந்து பியோ ஓடிவந்துவிட்டார். நோயாளி அப்படிப் பேசியதற்கு மருத்துவமனையின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன், இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன், வேண்டுமானால் எழுதியே கொடுக்கிறேன் என்று இடுப்பை வளைத்து வளைத்து வணங்கினார். அப்போதும் தரையைத்தான் பார்த்தார்.

ஹேரான் அவர் நிமிர்கிறவரைக்கும் காத்திருந்தாள்.

"முதல் நாளே நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கணும் மேனேஜர்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். நேருக்கு நேர், முதல் தடவையாக. பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மூன்றாம் மாடிப் பேச்சு அதன் பிறகு எழவில்லை. ஹேரான் இன்றும் அதே ஜன்னலில்தான் இருக்கிறாள். மேலே அந்தச் சட்டமும் காலியாகத்தான் இருக்கிறது, கழற்றினால் பாகுபாடு ஆகுமோ என்று யாரும் தொடுவதில்லை.

அவள் பியோவிடம் சொன்ன அந்த வார்த்தை என்னைத்தான் படுத்துகிறது. அவர் மட்டும் முதல் நாளே, கன்னத்தில் என்ன அம்மா, சுட்டுக்கொண்டீர்களா என்று கேட்டிருந்தால், அவர் சட்டையைப் பிடித்து ஆணையத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பவள் நான்தான்.